எந்தக் கீவேர்ட், எந்தப் பக்கத்துக்கு? ஒரு செக்கு எண்ணெய்க் கடையை வைத்து ஓர் ஒப்பீடு

காங்கயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி, கூரியரில் ஊர் ஊராக அனுப்பும் சிறு கடை ஒன்று இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பது கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய். முப்பது பக்கங்களுக்கு மேல் எழுத ஆளில்லை. விளம்பரத்துக்கும் பெரிதாகப் பணமில்லை. கூகுளில் தேடி வருபவர்களை நம்பித்தான் தளம் நிற்க வேண்டும். தேடுபவர் அடிக்கும் எந்தச் சொற்களை, அதாவது எந்தக் கீவேர்டுகளை, குறிவைத்துப் பக்கங்களை எழுதுவது? தமிழ் எழுத்திலா, ஆங்கிலத்திலா, ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழிலா? ஆயிரக்கணக்கானோர் தேடும் பெரிய சொல்லா, ஐம்பது பேர் தேடும் நீளமான சொற்றொடரா? எந்தக் கருவி காட்டும் எண்ணை நம்புவது? இந்த மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். பலரும் மூன்றாவதில் தொடங்கிவிடுவதுதான் சிக்கல்.

அதற்கு முன் இரண்டு பழைய பழக்கங்களை ஒதுக்கிவிடலாம். பக்கத்தின் நிரலுக்குள், பார்ப்பவர் கண்ணில் படாமல் இருக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கில் நாற்பது சொற்களைக் கமா போட்டு அடுக்குவது வீண்வேலை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. நூறு வார்த்தைக்கு இத்தனை தடவை கீவேர்ட் வர வேண்டும் என்ற விகிதக் கணக்கும் அப்படித்தான். சொல்லைத் திணித்த பக்கம் கூகுளின் ஸ்பேம் கொள்கையை மீறியதாகிவிடும். வாங்க வந்தவருக்கும் படிக்கச் சகிக்காது.

ஒரே எண்ணெய், மூன்று கூட்டம்

ஆங்கிலத்தில் ‘கோல்ட் பிரஸ்டு கிரவுண்ட்நட் ஆயில்’ என்று அடிப்பவரும், தமிழில் ‘மரச்செக்கு கடலை எண்ணெய்’ என்று அடிப்பவரும், அதையே ஆங்கில எழுத்தில் தட்டுபவரும் தேடுவது ஒரே பாட்டிலைத்தான். ஆனால் கூகுள் காட்டும் முடிவுகள் வேறு, போட்டியாளர்கள் வேறு, வாங்கும் மனநிலையும் வேறு.

ஆங்கிலத்தில் தேடுபவர்களில் ஆன்லைனில் பணம் கட்டிப் பழகியவர்கள் அதிகம். பெங்களூர், சென்னை அடுக்குமாடிகளிலிருந்து வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கும். குறை என்னவென்றால், அதே சொல்லுக்குப் பெரிய மளிகைத் தளங்களும், நாடு முழுக்க விற்கும் பிராண்டுகளும் வரிசையில் நிற்கின்றன. வெறும் ‘கிரவுண்ட்நட் ஆயில்’ என்ற சொல்லுக்கு ஒரு புதுத் தளம் முதல் பக்கத்துக்கு வருவது நடக்கிற காரியம் இல்லை. அளவு, ஆட்டும் முறை, ஊர் ஆகிய மூன்றில் இரண்டையாவது சேர்த்துச் சொல்லைக் குறுக்கினால்தான் இடம் கிடைக்கும். ‘வுட் பிரஸ்டு கிரவுண்ட்நட் ஆயில் 5 லிட்டர் கோயம்புத்தூர்’ என்பது அந்த மாதிரி.

தமிழ் எழுத்தில் தேடுவது இன்று யாருக்கும் சிரமமான வேலை இல்லை. கூகுளின் குரல் உள்ளீடு 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் வந்தபிறகு, கீபோர்டே தெரியாதவரும் போனிடம் சொல்லித் தேடுகிறார். அதனால் தமிழ்த் தேடல்கள் நீளமாக, பேசுகிற மாதிரியே இருக்கும். ‘ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு எத்தனை கிலோ எள் வேண்டும்’, ‘செக்கு எண்ணெய் பொங்கி நுரைப்பது ஏன்’, ‘கடலை எண்ணெயில் கலப்படம் எப்படிக் கண்டுபிடிப்பது’ என்று கேள்வியாகவே வரும். இவற்றுக்கு முதல் பக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் வீடியோக்களும், பத்திரிகைத் தளங்களின் மேலோட்டமான குறிப்புகளும்தான். எத்தனை கிலோ எள், எவ்வளவு கருப்பட்டி, ஆட்ட எவ்வளவு நேரம் என்ற கணக்கைச் செக்கு வைத்திருப்பவர் எழுதினால் அந்தப் பத்திரிகைக் குறிப்பால் போட்டியிட முடியாது. சிறு கடைக்கு இருக்கும் ஒரே உண்மையான பலம் இதுதான் என்பேன்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தில் தமிழ். இந்தக் கூட்டம் பெரியது, ஆனால் பிடிக்க முடியாதது. எண்ணெய் என்ற ஒரு சொல்லை ‘ஏ-ஐ’ போட்டு முடிப்பவர் உண்டு, ‘இ-ஐ’ போடுபவர் உண்டு, ‘இ-ஒய்’ போடுபவரும் உண்டு. செக்கைச் ‘சி-எச்’ போட்டும் எழுதுகிறார்கள், ‘எஸ்’ போட்டும் எழுதுகிறார்கள். மரத்தையும் செக்கையும் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் பிரிக்கிறார்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் பன்னிரண்டு வடிவம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுவது அபத்தம். அதற்குத் தேவையும் குறைந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்த் தேடலுக்கும் பொருத்தமான இடத்தில் தமிழ்ப் பக்கங்களைக் காட்டப்போவதாக கூகுள் 2020 டிசம்பரில் அறிவித்தது. இந்தி, வங்காளம், மராத்தி, தெலுங்கோடு தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆகவே இந்த வடிவத்தைப் பக்கத்தின் இணைய முகவரியிலும், படங்களின் கோப்புப் பெயரிலும், ஆங்கிலப் பக்கத்தில் பொருளின் பெயராக ஓரிரு இடத்திலும் வைத்தால் போதும்.

இந்தக் கடைக்கு என்ன முடிவு? நான்கு எண்ணெய்க்கும் விற்பனைப் பக்கம் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, ஆக எட்டு. ஒரே பக்கத்தின் இரு மொழி வடிவங்கள் இவை என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறியால் இரண்டையும் இணைக்க வேண்டும். தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தைச் சுட்டினால் ஆங்கிலமும் தமிழைத் திரும்பிச் சுட்ட வேண்டும். ஒருவழியாக இருந்தால் கூகுள் அந்தக் குறியைப் பொருட்படுத்தாது. கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கங்கள் தமிழில் மட்டும். ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்துத் தமிழ்ப் பக்கமாக ஒட்டுவது மட்டும் வேண்டாம். அந்தத் தமிழில் யாரும் தேடுவதில்லை.

தமிழ் எழுத்திலேயே எந்த வடிவம்

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதிலும் இந்தச் சிக்கல் இருக்காது. மரச்செக்கு என்று ஒற்றோடு எழுதுவதா, பலர் தட்டுகிற மாதிரி ‘மரசெக்கு’ என்றா? ‘கடலை எண்ணெய்’ என்று பிரித்தா, ‘கடலெண்ணெய்’ என்று சேர்த்தா? ‘எண்ணை’ என்று தவறாகத் தேடுபவரை விட்டுவிடுவதா?

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துத் தேடுங்கள். முதல் பத்து முடிவுகளில் ஏழெட்டு ஒன்றாகவே இருந்தால் கூகுள் இரண்டையும் ஒரே சொல்லாகப் பார்க்கிறது என்று பொருள். திருத்தமான வடிவத்தையே எழுதுங்கள். பாதிக்கு மேல் வேறுபட்டால் இரண்டும் அதற்குத் தனித்தனி. அப்போதும் பிழையான வடிவத்தைத் தலைப்பில் ஏற்றாதீர்கள். கடைப் பெயருக்கு மேலேயே எழுத்துப்பிழை இருந்தால் எண்ணெயின் தரத்தையும் சந்தேகப்படுவார்கள். சேர்ப்பது, பிரிப்பது இரண்டில், பிரித்து எழுதுவதே நல்லது. தேடுபவர் இடைவெளி விட்டுத்தான் தட்டுகிறார்.

வேற்றுமை உருபு இன்னொரு இடறல். ‘சென்னையில்’, ‘சென்னைக்கு’ என்று உருபேறிய சொல்லைச் சென்னையோடு பொருத்திப் பார்ப்பதில் தேடுபொறி ஆங்கிலத்தில் காட்டும் சாமர்த்தியத்தைத் தமிழில் எப்போதும் காட்டுவதில்லை. பக்கத்துக்குள் இயல்பாக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். கூகுள் முடிவில் தெரியும் தலைப்பிலும் பக்கத்துக்குள் வரும் முதல் பெரிய தலைப்பிலும் மட்டும் சொல் உருபில்லாமல் ஒருமுறை நிற்கட்டும்: ‘மரச்செக்கு கடலை எண்ணெய் விலை – சென்னை, கோவை டெலிவரி’.

தலைப்பின் நீளத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 55 முதல் 60 எழுத்து என்பார்கள். கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை, திரையின் அகலத்துக்கேற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலமானது, அதனால் முக்கியமான சொற்கள் முதல் 30 எழுத்துக்குள் வந்துவிட வேண்டும். தேடலில் மேலே வர உதவும் எஸ்இஓ பிளகின் காட்டும் எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. ‘மரச்செக்கு’ நமக்கு 6 எழுத்து. கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 10 குறியீடு. அதே சொல்லைத் தமிழிலேயே பக்க முகவரியில் வைத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், ஒரு குறியீட்டுக்கு 9 என்ற கணக்கில் 90 எழுத்துச் சதவீதக்குறிக் குப்பையாக அது விரிந்துவிட வாய்ப்புண்டு. தமிழ் முகவரியை கூகுள் ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் பார்ப்பவர் மோசடி லிங்க் என்று நினைத்துத் தொடாமல் போவார். ஆங்கில எழுத்துத் தமிழுக்கு இங்கேதான் சரியான வேலை.

பழைய விலைப்பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் பிடிஎஃப் ஆகக் கிடந்தால் அதைத் தளத்தில் ஏற்றிப் பயனில்லை. கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். போஸ்டராக அடித்த படத்துக்குள் இருக்கும் விலையையும் நம்பியிருக்க முடியாது. யூனிகோடில் மறுபடி தட்டியே ஆக வேண்டும்.

பெரிய சொல்லா, நீளமான சொற்றொடரா

‘தேங்காய் எண்ணெய்’ என்று மட்டும் தேடுபவருக்கு என்ன வேண்டும்? தலைமுடிக்கா, சமையலுக்கா, விலை தெரியவா, கொழுப்பு ஏறுமா என்று பார்க்கவா? அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். கூகுள் நான்கையும் கலந்து பத்து இணைப்பு தருகிறது. ‘மரச்செக்கு தேங்காய் எண்ணெய் 5 லிட்டர் டின் விலை’ என்று தேடுபவர் பர்ஸைக் கையில் எடுத்துவிட்டார்.

கணக்கும் அதையே சொல்கிறது. பெரிய சொல்லுக்கு மாதம் 10,000 தேடல், சின்னதுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் நம் பக்கம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தால் கையில் வருவது ஏறக்குறைய பூஜ்யம். இரண்டாவதில் இரண்டாம் இடத்தில் நின்றால் மாதம் எட்டுப் பத்துப் பேர் வருவார்கள், அதில் ஒருவர் வாங்கினாலும் ஆர்டர் ஒன்று. இப்படிப் பதினைந்து சொற்றொடர் இருந்தால் சிறு கடைக்கு அது வியாபாரம். ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதுவரை வராத புதியவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. எந்தக் கருவியின் பட்டியலிலும் இல்லாத சொற்றொடருக்கும் ஆள் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நீளமானது எல்லாம் நல்லது என்றும் இல்லை. ‘இன்றைய விலை’ என்ற சொல்லைக் குறிவைத்தால் விலையை அடிக்கடி மாற்றியாக வேண்டும். மூன்று மாதப் பழைய விலையோடு ‘இன்றைய’ என்று நிற்கும் பக்கத்துக்கு வந்தவர் மறுபடி வரமாட்டார். வாரம் ஒருமுறை மாற்ற ஆளிருந்தால் எடுங்கள். ‘அருகில்’, ‘பக்கத்தில்’ என்ற தேடல்களுக்கு வரைபடத்தோடு வரும் முடிவுகள்தான் மேலே நிற்கும். வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக நிரப்புவதே அதற்கு வழி. பக்கத்தில் ‘என் அருகில்’ என்று எழுதிவைப்பதால் ஒன்றும் ஆகாது.

பிறகு ‘நன்மைகள்’. செக்கு எண்ணெய் என்று தட்டிப் பார்த்தால் உடனே கண்ணில் படும் ஆசை இது. தேடுபவர் அதிகம், எழுதுவதும் எளிது. ஆனால் உடல்நலம் சார்ந்த தேடல்களில் யார் எழுதியது என்பதில் கூகுள் கூடுதல் கண்டிப்பு காட்டுகிறது. மருத்துவத் தளங்களைத் தாண்டி எண்ணெய்க் கடை மேலே வருவது கடினம். வந்தாலும் அந்த வாசகர் படித்துவிட்டுப் போய்விடுவார். சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்று எழுதினால் இன்னொரு வம்பும் இருக்கிறது. உணவுப் பொருளின் விளம்பர வாசகங்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018இல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்திருக்கிறது. விற்பவரின் தளமும் விளம்பரம்தான். இந்தச் சொல்லை விட்டுவிடுவதே என் தேர்வு.

கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கீவேர்ட் பிளானர் இலவசம், ஆனால் அது விளம்பரதாரருக்காகச் செய்த கருவி. விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் துல்லியமான எண் வராது. 10 முதல் 100, 100 முதல் 1,000, 1,000 முதல் 10,000 என்று வீச்சாகத்தான் காட்டும். 110ம் 900ம் அங்கே ஒன்றுதான். நெருக்கமான வடிவங்களை ஒன்றாகச் சேர்த்தும் எண்ணும். எல்லோரும் தவறாகப் படிப்பது ‘போட்டி’ என்ற பத்தியை. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அதில் இருப்பது விளம்பர ஏலத்தில் எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பது. இயல்பான தேடல் முடிவில் மேலே வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடத்தைத் தமிழ்நாடு என்று வையுங்கள். மொழியைத் தமிழ் என்று ஒருமுறையும் எல்லா மொழிகள் என்று ஒருமுறையும் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் தேடுபவர் ஏராளம்.

கூகுள் டிரெண்ட்ஸ் எண்ணிக்கை தராது, 0 முதல் 100 வரை ஒப்பீட்டு அளவுதான் தரும். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம், 2004 வரை பின்னோக்கிப் போகலாம். நல்லெண்ணெய்ப் பக்கத்தைத் தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு தயாராக வைக்க வேண்டும் என்ற மாதிரிப் பருவக் கேள்விக்கு இதுதான் சரி. சின்னச் சொற்றொடர்களுக்குத் தரவு போதவில்லை என்று கைவிரித்துவிடும்.

அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கட்டணக் கருவிகள் ஆங்கிலப் பட்டியலுக்கு உதவும். அஹ்ரெஃப்ஸ் காட்டும் கடினத்தன்மை எண், முதல் பத்தில் நிற்கும் பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுத்திருக்கின்றன என்பதை வைத்துப் போடுவது. பக்கத்தின் தரத்தை அது அளப்பதில்லை. தமிழ்ச் சொற்களுக்கு இவற்றின் தரவு மெலிந்தது. பூஜ்யம் என்று காட்டினால் யாரும் தேடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதாமாதம் சந்தா கட்ட இந்த அளவுக் கடைக்கு அவசியம் இல்லை. தேவைப்பட்டால் ஒரு மாதம் மட்டும் எடுத்து ஆங்கிலப் பட்டியலை முடித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் தமிழுக்கு அதிகம் பயன்படுவது தேடல் பெட்டி தானாக நீட்டும் பரிந்துரைகள்தான். ‘செக்கு எண்ணெய்’ என்று அடித்து இடைவெளி விட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். அ முதல் ஹ வரை எல்லாம் தேவையில்லை. எப்படி, எத்தனை, எங்கே, எது என்று கேள்விச் சொற்கள் பெரும்பாலும் எகரத்தில் தொடங்குவதால் ‘எ’, ‘ஏ’ இரண்டும் முக்கியம். அதோடு விலைக்கும் வித்தியாசத்துக்கும் ‘வி’, நல்லதா என்பதற்கு ‘ந’, மெஷினுக்கு ‘மெ’. போனில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை. கடைக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளையும் வாடிக்கையாளர் கேட்ட வார்த்தைகளிலேயே இந்தப் பட்டியலில் சேருங்கள். ‘அடியில வண்டல் இருக்கே, கெட்டுப்போச்சா?’ என்று கேட்டவர் ஒருவர் என்றால், கேட்காமல் கூகுளில் தேடியவர் பலர்.

தளம் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனபின் மற்ற எல்லாவற்றையும் தள உரிமையாளருக்கான கூகுளின் சர்ச் கன்சோல் மிஞ்சிவிடும். நம் பக்கம் எந்தத் தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எந்த இடம் என்று 16 மாதம் வரை வைத்திருக்கும். திரையில் 1,000 வரிதான் காட்டும், மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடும். ஒரு நுணுக்கம்: தேடல் வடிகட்டியில் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும்) முறையைத் தேர்ந்து [அ-ஹ] என்று கொடுத்தால் தமிழ் எழுத்தில் வந்த தேடல்கள் மட்டும் நிற்கும். ‘பொருந்தாதவை’ என்று மாற்றினால் ஆங்கிலமும் ஆங்கில எழுத்துத் தமிழும் மிஞ்சும். மூன்று கூட்டத்தில் யார் எவ்வளவு என்று முன்பு போட்ட ஊகத்தை இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பட்டியலைச் சுருக்குவது

எல்லாம் சேர்ந்து அறுபது எழுபது சொற்றொடர் தேறும். ஒரு ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றையும் உண்மையிலேயே தேடிப் பார்த்து, முதல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எதிரில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கடினத்தன்மையை அறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பத்தில் எட்டு பெரிய கடைகள் என்றால் அடித்துவிடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் சிறு வலைப்பூ, கோரா தளப் பதில், நான்கு வருடப் பழைய செய்தி என்று இருந்தால் அங்கே நுழையலாம். முதல் ஐந்தும் வீடியோவாக இருந்தால் எழுத்துப் பக்கத்தோடு இரண்டு நிமிட வீடியோவும் வேண்டும். நம்மிடம் தனியாகச் சொல்ல ஏதும் இல்லாத கேள்வியை, போட்டியே இல்லாவிட்டாலும், எடுக்காதீர்கள்.

மிச்சமுள்ளதைக் குழுவாக்க வேண்டும். இரண்டு சொற்றொடருக்கு வரும் முதல் பத்தில் குறைந்தது நான்கு முடிவுகள் ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே பக்கம் போதும். இதைச் செய்யாமல் ‘கடலை எண்ணெய் விலை’க்கு ஒன்று, ‘கடலை எண்ணெய் ரேட்’டுக்கு ஒன்று என்று எழுதினால் நம் பக்கங்களே ஒன்றையொன்று இழுத்துக் கீழே தள்ளும். ஒரு பக்கத்துக்கு முதன்மையாக ஒரு சொற்றொடர், துணையாக மூன்று முதல் ஆறு. முதன்மையானது தலைப்பிலும், பெரிய தலைப்பிலும், முதல் பத்தியிலும், மற்ற பக்கங்களிலிருந்து இங்கே வரும் இணைப்பின் சொற்களிலும் வரட்டும். துணைச் சொற்கள் உள்தலைப்புகளாகட்டும்.

பக்கம் ஏறிய பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கைவைக்காமல் விடுங்கள். வாரத்துக்கொருமுறை தலைப்பை மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதன்பின் சர்ச் கன்சோலில் 8 முதல் 20ஆம் இடம் வரை நிற்கும் தேடல்களை எடுங்கள். கொஞ்சம் உழைத்தால் மேலேறுபவை இவைதான். அந்தத் தேடலுக்கான பதிலைப் பக்கத்தில் விரித்து எழுதி, நன்றாக ஓடும் பக்கங்களிலிருந்து இரண்டு இணைப்பு கொடுங்கள். இடம் மேலே இருந்தும் யாரும் தொடவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள்; விலையோ அளவோ தலைப்பில் இருந்தால் தொடுவார்கள். காட்டப்படவே இல்லை என்றால் சர்ச் கன்சோலின் முகவரிச் சோதனையில் போட்டு, பக்கம் கூகுளின் பட்டியலில் (இன்டெக்ஸ்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே தேடலுக்கு இரண்டு பக்கம் மாறி மாறி வந்தால், அந்தத் தேடலைத் தொட்டுப் ‘பக்கங்கள்’ தாவலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பலவீனமான பக்கத்தில் உள்ள நல்ல பத்திகளை மற்றதற்கு நகர்த்திவிட்டு, பழைய முகவரிக்கு வருபவரை அங்கேயே நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். பக்கத்தை அழித்து மட்டும் விட்டால், வெளியிலிருந்து அதற்குக் கிடைத்திருந்த இணைப்புகளின் பலனும் அதோடு போய்விடும்.